மொத்தம் எங்கே தொடங்க வேண்டும்?

தென்காசியை அடுத்த மத்தளம்பாறைக்கு ஜோஹோ நிறுவனம் வந்தபிறகு, நிரல் எழுதும் வேலை சுரண்டைப் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பஸ் ஏறிப் போகும் தொலைவுக்கு வந்துவிட்டது. அரசுப் பாடத்திட்டத்தில் கணினி அறிவியல் எடுப்பவர்கள் பதினொன்றாம் வகுப்பில் சி++, பன்னிரண்டில் பைத்தான் படிக்கிறார்கள். இரண்டிலும் தொடக்கத்திலேயே வரும் கணக்கு ஒன்று உண்டு: வரிசையாக இருக்கும் எண்களைக் கூட்டி மொத்தம் சொல்வது. அந்த வரிசையைச் சி++ பாடத்தில் அணி என்பார்கள், திரும்பத் திரும்ப நடக்கும் கட்டளையை மடக்கு என்பார்கள். கூட்டல் நன்றாகத் தெரிந்த மாணவர்களும் இங்கே தடுமாறுகிறார்கள்.

சுரண்டை மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடைக்கு ஐந்து மூட்டை கத்தரிக்காய் வந்திறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். எடை 48, 52, 45, 50, 47 கிலோ. சீட்டைப் பார்த்ததும் நமக்கு ஐந்து எண்ணும் ஒன்றாகக் கண்ணில் படும். மடக்கு ஒரு சுற்றில் ஓர் எண்ணைத்தான் எடுக்கும். அதனால் அதுவரை கூட்டியதை வைத்துக்கொள்ளத் தனியாக ஒரு மாறி தேவை. அதற்கு 'மொத்தம்' என்று பெயர் வைத்து, மடக்குக்கு முன்பே 0 கொடுக்கிறோம். பிறகு ஒவ்வொரு சுற்றிலும்: மொத்தம் = மொத்தம் + எடை.

சிக்கலே இந்த வரிதான். கணக்குப் பாடத்தில் படித்த சமன்பாடாக இதைப் பார்த்தால், எடை 0 ஆக இருந்தாலொழிய இது பொய். நிரலில் = என்ற குறி சமம் என்று சொல்லவில்லை. வலப்பக்கத்தை முதலில் கணக்கிடு, விடையை இடப்பக்கத்து மாறியில் பழைய மதிப்பை அழித்துவிட்டு வை என்கிறது. மொத்தம் 48 ஆகிறது, பிறகு 100, 145, 195, 242. இந்த ஐந்து எண்களையும் மாணவர் ஒருமுறை தாளில் தன் கையால் எழுதிப் பார்க்க வேண்டும். பத்து உதாரண நிரல்களை மனப்பாடம் செய்வதைவிட அது மேல்.

பிழைகள் பெரும்பாலும் வரி உட்காரும் இடத்தில் வருகின்றன. 0 கொடுக்கும் வரி மடக்குக்குள் போய்விட்டால் ஒவ்வொரு சுற்றிலும் பழைய கூட்டுத்தொகை அழிந்து, கடைசி மூட்டையின் 47 மட்டுமே மிஞ்சும். சி++ நிரலில் செயற்கூற்றுக்குள் (function) அறிவித்த மாறிக்கு 0 கொடுக்கவே மறந்தால், நினைவகத்தில் ஏற்கெனவே கிடந்த ஏதோ ஓர் எண்ணோடு கூட்டல் தொடங்கலாம். வரிசையில் ஓர் எண் இருக்கும் இடத்தைச் சொல்லும் சுட்டெண் 0-இல் தொடங்குவதால் ஐந்தாவது மூட்டைக்குச் சுட்டெண் 4. தவறி 5 வரை போனால் பைத்தான் பிழை சொல்லி நின்றுவிடும். சி++ பல நேரம் சத்தமில்லாமல் அணிக்கு வெளியே கிடப்பதையும் சேர்த்துக் கூட்டிவிடும். தப்பான விடை சரியான விடைபோலவே வந்து நிற்கும் என்பதால், தொடக்கநிலை மாணவருக்கு இதுதான் அதிக ஆபத்து.

எதைக் கூட்டுகிறோம் என்பதை மடக்கு கேட்காது. அடவிநயினார், கடனா நதி, ராம நதி, கருப்பா நதி, குண்டாறு அணைகளின் முழு உயரமான 132, 85, 84, 72, 36 அடிகளைக் கொடுத்தால் 409 என்று சொல்லும். அந்த 409-ஆல் யாருக்கும் பயனில்லை. ஒரு பருவம் முழுக்க ஒரே இடத்தில் நாள்தோறும் அளந்த மழையைக் கொடுத்தால், அதே மடக்கு அந்தப் பருவத்தின் மொத்த மழையைத் தரும்.

கூட்டும் எண் தசமமாக இருந்தால் இன்னொரு சிக்கலும் உண்டு. பைத்தானில் 0.1-ஐ மடக்கால் பத்து முறை கூட்டிப் பாருங்கள். 1 வராது, 0.9999999999999999 வரும். 0.1-ஐ இருமக் குறியீட்டில் துல்லியமாக எழுத முடியாததே காரணம். அதனால்தான் பணக் கணக்கு எழுதுவோர் பலர் ரூபாயைத் தசமமாக வைக்காமல், பைசாவாக மாற்றி முழு எண்ணாகக் கூட்டுகிறார்கள்.