நைன் ஜெம்ஸ் (சென்னை)

நைன் ஜெம்ஸ் என்பது சென்னை அண்ணா சாலையில் சபையர் திரையரங்க வளாகத்தின் அடித்தளத்தில் இயங்கிய இரவு விடுதி ஆகும். மேலிருந்த சபையர், எமரால்டு, புளூ டயமண்ட் அரங்குகளை நினைவுகூர்வோர் பலர். கீழே ஒலித்த நேரடி இசையை அறிந்தோர் குறைவு.

1969இல் உஷா ஐயர் (பின்னாளில் உஷா உதுப்) இங்குதான் தம் இசை வாழ்வைத் தொடங்கினார். 1947இல் மும்பையில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த இவர், சேலை உடுத்தி மேடையேறி ஆங்கிலப் பாடல்களைப் பாடினார். விடுதிப் பாடகி என்றாலே மேனாட்டு உடைதான் என்று திரைப்படங்கள் காட்டிவந்த காலம் அது. தமிழ்நாட்டில் மதுவிலக்கும் நடைமுறையில் இருந்தது. 1971இல்தான் அது தளர்த்தப்பட்டது. ஆகவே இங்கு கூட்டத்தை ஈர்த்ததில் பாட்டுக்கே பெரும்பங்கு எனக் கருதலாம்.

பின்னர் கொல்கத்தா பார்க் தெருவிலுள்ள டிரிங்காசு உணவகத்தில் பாடிப் புகழ்பெற்றார். 2024இல் பத்மபூசண் விருது அறிவிக்கப்பட்டது. டிரிங்காசில் இன்றும் மேடை இசை நடைபெறுகிறது. சபையர் வளாகம் இடிக்கப்பட்டுவிட்டது.