உஷார்! ‘மாசு இல்லை’ என்ற அறிக்கையை அப்படியே நம்பிவிடாதீர்கள்

கிணற்று நீரைச் சோதித்தாகிவிட்டது, கோளாறு எதுவும் இல்லை என்று நிம்மதியாக இருக்கிறீர்களா? அருகில் விமான நிலையமோ ராணுவ தளமோ தீயணைப்புப் பயிற்சித் திடலோ இருந்தால், அந்த அறிக்கையை இன்னொரு முறை எடுத்துப் பாருங்கள். அதில் பாதி விஷம் விடுபட்டிருக்கலாம்.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள கேப் காட் தீபகற்பத்தில் இதுதான் நடந்தது. அங்குள்ள ராணுவ தளத்தில் 1970 முதல் 1985 வரை எண்ணெய்த் தீயை அணைக்கும் நுரையைப் பீய்ச்சிப் பயிற்சி எடுத்தார்கள். அந்த நுரையில் இருந்தவை ‘பிஃபாஸ்’ எனப்படும் ஃபுளூரின் சேர்மங்கள். எளிதில் சிதையாதவை. மணற்பாங்கான மண் வழியே இறங்கி, அந்த வட்டாரமே நம்பியிருக்கும் நிலத்தடி நீரில் கலந்துவிட்டன. 2021-ல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் அங்குள்ள ஆற்று நீரை ஆராய்ந்தார்கள். நுரையால் கெட்ட இடங்களில், வழக்கமான சோதனை பிடித்தது மொத்த பிஃபாஸில் பாதிக்கும் குறைவு!

ஏன் இப்படி? அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையின் இரண்டு குடிநீர்ச் சோதனை முறைகளும் சேர்ந்து தேடுவது 29 சேர்மங்களை மட்டுமே. பிஃபாஸ் குடும்பத்திலோ ஆயிரக்கணக்கானவை உண்டு. பட்டியலில் இல்லாதது அறிக்கையிலும் வராது.

விடுபட்டவைதானே என்று அலட்சியம் வேண்டாம். இந்த ‘முன்னோடி’ச் சேர்மங்களில் பல, மண்ணிலும் நீரிலும் மெல்ல மாறி, பட்டியலில் உள்ள அதே நச்சுகளாக உருவெடுக்கின்றன. அவற்றில் ஒன்றான பிஎஃப்ஓஏ, மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2023-ல் அறிவித்தது. குடிநீரில் அதற்கு அமெரிக்கா 2024-ல் விதித்த வரம்பு, லிட்டருக்கு வெறும் 4 நானோகிராம்.

செய்ய வேண்டியவை:

● எத்தனை சேர்மங்களைத் தேடினார்கள் என்று ஆய்வகத்தில் கேளுங்கள்.

● நுரை பயன்பட்ட இடமென்றால், மறைந்திருக்கும் முன்னோடிகளை ஆக்சிஜனேற்றி வெளிக்கொணரும் ‘டாப்’ சோதனையையும், மொத்தக் கரிம ஃபுளூரின் அளவையும் கேட்டு வாங்குங்கள்.

● கொதிக்க வைத்தால் சரியாகிவிடும் என்று நம்பாதீர்கள். நீர்தான் ஆவியாகும், பிஃபாஸ் தங்கிவிடும். ஆர்.ஓ. வடிகட்டி பெருமளவு நீக்கும். கார்பன் வடிகட்டியும் உதவும், ஆனால் குறுஞ்சங்கிலிச் சேர்மங்கள் அதில் சீக்கிரம் நழுவிவிடும்.

● வடிகட்டியின் உறுப்புகளைக் குறித்த காலத்தில் மாற்றுங்கள்.

நுரை கொட்டிய இடங்களின் பட்டியலை வெளியிடவும், அங்கு முழுமையான சோதனை நடத்தவும் அதிகாரிகளிடம் எழுத்து மூலமாகவே கேளுங்கள். குடிப்பது உங்கள் பிள்ளைகள். கேட்கும் உரிமையும் உங்களுடையதே.