மேசைவாளில் ஏதமின்றி மரமறுத்தல்

கைவாள் கொண்டு மரமறுக்கும் தச்சன் தன் தோள்வலிக்கு மேற்பட்ட விசை எதனையும் எதிர்கொள்வதில்லை. கை நின்றால் வாளும் நின்றுவிடும். மின்விசையாற் சுழலும் மேசைவாளின் இயல்பு வேறு. அதனை இயக்குபவன் ஒரு கணம் கவனந் தவறினும் அது தன் தொழிலைச் செய்துகொண்டே இருக்கும். ஐக்கிய அமெரிக்காவின் நுகர்பொருட் பாதுகாப்பு ஆணைக்குழு 2011 ஆம் ஆண்டில் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, அந்நாட்டில் மட்டும் மேசைவாளினால் நாளொன்றுக்குச் சராசரியாகப் பத்து உறுப்பிழப்புக்கள் நேர்ந்தன. இவற்றைத் தவிர்த்தற்குரிய விதிகள் பல. அவ்விதிகளுட் பெரும்பாலன ஒரேயொரு காரணத்திலிருந்து பிறப்பன என்பதை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மட்டமான இரும்பு மேசையொன்றின் நடுவேயுள்ள பிளவினூடாக வட்டவாளின் ஒரு பகுதி மேலெழுந்து நிற்கும். மேசையின் கீழுள்ள மோட்டார் அதனைச் சுழற்றும். வாள் இடம் பெயர்வதில்லை. பலகையே அதனை நோக்கித் தள்ளப்படும். நீளவாட்டில் அறுக்கும்போது பலகை அணைந்து செல்வதற்கு வாளுக்கு இணையாக ஒரு வழிச்சட்டம் உண்டு. குறுக்கே அறுப்பதற்கு, மேசையிலுள்ள காடியில் வழுக்கிச் செல்லும் குறுக்குச்சட்டம் உண்டு.

பத்து அங்குல விட்டமுடைய வாளொன்று நிமிடத்திற்கு 4,000 முறை சுழல்கின்றது எனக் கொள்வோம். அதன் விளிம்பிலுள்ள பல்லொன்று ஒரு சுழற்சியில் ஏறத்தாழ 31.4 அங்குலமும், ஒரு நிமிடத்தில் ஏறத்தாழ 10,470 அடியும் செல்லும். இது செக்கனுக்கு 174 அடி. மணிக்கு ஏறத்தாழ 119 மைல். இத்துணை வேகத்துடன் வரும் பல் மரத்தை அறுக்காது பற்றிக்கொள்ளுமாயின் யாது நிகழும் என்பதே நாம் ஆராய வேண்டியது.

அறுப்பவன் நிற்கும் பக்கத்தை முன்பக்கம் என்போம். முன்பக்கத்துப் பற்கள் மேலிருந்து கீழ்நோக்கி வருவன. அவை பலகையை மேசையோடு அழுத்துகின்றன. ஆதலின் அவற்றால் தீங்கில்லை. பின்பக்கத்துப் பற்களோ கீழிருந்து மேலெழுவன. பலகை அவற்றிற் பட்டால், அவை அதனைத் தூக்கி, வாளின் உச்சி வழியாக அறுப்பவனை நோக்கி எறிந்துவிடும். இதனைப் பின்னுதைப்பு என்னலாம். இமைப்பொழுதுள் நிகழும் இவ்வுதைப்பினால் இரு கேடுகள் விளைகின்றன. ஒன்று, பலகை மார்பிலோ வயிற்றிலோ தாக்குதல். மற்றொன்று, பலகையை அழுத்திக்கொண்டிருந்த கை, பலகை விலகியதும் வாளின்மேற் சரிதல். எனவே, மரம் பின்பற்களைத் தீண்டாதவாறு செய்தலே தலையாய காப்பு.

மரம் பின்பற்களைத் தீண்டுவது எவ்வாறு? முதலாவது காரணம் மரத்தினுள்ளேயே உள்ளது. வளரும்போதும் உலரும்போதும் மரத்தில் இறுக்கம் தங்கிவிடுகின்றது. அறுக்கும்போது அது தளர, பிளவின் இரு பக்கங்களும் நெருங்கி வாளைக் கவ்வும். இதனைத் தடுப்பது வாளின் பின்னே அதற்கு நேராக நிற்கும் பிரிதகடு. அது வாளின் உடலினும் தடித்ததாயும், பற்கள் அறுக்கும் பிளவினும் மெல்லியதாயும் இருத்தல் வேண்டும்.

இரண்டாவது, வழிச்சட்டம் பின்புறத்தில் வாளை நோக்கிச் சாய்ந்திருத்தல். மின்தொடர்பை நீக்கிய பின், ஒரு பல்லுக்கு அடையாளமிட்டு, அதற்கும் சட்டத்திற்கும் இடையேயுள்ள தூரத்தை முன்புறத்தில் அளக்க. வாளைக் கையாற் சுழற்றி, அதே பல்லைப் பின்புறத்திற் கொணர்ந்து மீண்டும் அளக்க. இரண்டும் ஒத்திருத்தல் வேண்டும்.

மூன்றாவது, பலகை திரும்புதல். வளைந்த விளிம்பைச் சட்டத்தோடு அணைத்தலும், ஆடும் பலகையை அறுத்தலும், சட்டத்தின் துணையின்றி வெறுங்கையால் அறுத்தலும் ஆகா. குழிந்த பலகையாயின் குழிந்த பக்கம் கீழே இருப்பின் அது இரு விளிம்புகளிலும் ஊன்றி ஆடாது நிற்கும். குறுக்கே அறுக்கும்போது வழிச்சட்டத்தை அளவுகோலாகக் கொள்ளுதல் பெருந்தவறு. அறுபட்ட துண்டு வாளுக்கும் சட்டத்திற்கும் இடையே அகப்பட்டுத் திரும்பிவிடும். ஒரே அளவான துண்டுகள் பல வேண்டுமாயின், வாளுக்கு முன்னதாகவே முடியும் கட்டையொன்றைச் சட்டத்திற் பிணித்து, அதில் அளவுகொண்டபின் தள்ளுக. துண்டு விலகுதற்கு அப்பொழுது இடமிருக்கும்.

நான்காவது, வேலை முடியுமுன் கையை விடுதல். வாளுக்கும் சட்டத்திற்கும் இடைப்பட்ட பகுதியைப் பின்பற்களுக்கு அப்பாற் செல்லும்வரை தள்ளுதல் வேண்டும். கை வாளுக்கு ஆறங்குலத்தினும் அணுகுமாயின் தள்ளுகோலைக் கொள்க.

இவற்றுடன் வேறு சில விதிகளும் உள. வழிச்சட்டம் வாளின் வலப்பக்கத்திலிருப்பின், அறுப்பவன் வாளின் நேர்க்கோட்டினின்று இடப்பக்கம் விலகி நிற்க. பலகைக்கு மேல் பல்லின் உயரமளவே வாள் தெரிதல் போதும். வாளுக்கு மேலாகக் கை நீட்டலாகாது. துண்டுகளை வாள் முற்றாக நின்றபின்னரே எடுக்க. தொங்கும் சால்வை, தளர்ந்த சட்டைக்கை, கையுறை ஆகியவற்றை அறவே விலக்குக. கையுறையின் இழையொன்றைப் பல் பற்றினும் கை முழுவதும் இழுபடும். கண்ணுக்குக் காப்புக்கண்ணாடி இன்றியமையாதது. வாளை மூடும் கவசம் வேலைக்குத் தடையென்று கழற்றி வைத்தல் பட்டறைகளிற் காணப்படும் வழக்கம். சில நிமிடங்களை மிச்சப்படுத்த எண்ணி விரலைப் பணயம் வைத்தல் அறிவுடைமையாகாது.

அமெரிக்கரான ஸ்டீபன் காஸ் என்பவர் 1999 ஆம் ஆண்டில் வியத்தகு பொறியொன்றை அமைத்தார். வாளில் மெல்லிய மின்குறிப்பொன்று செலுத்தப்படும். மின்கடத்தும் இயல்புடைய உடல் தீண்டியதும் அக்குறிப்பு மாற, அலுமினியக் கட்டையொன்று பற்களிற் பாய்ந்து, செக்கனின் ஆயிரத்தில் ஐந்து பங்கினுள் வாளை நிறுத்திவிடும். இப்பொறி பொருந்திய மேசைவாள்கள் 2004 ஆம் ஆண்டு முதல் விற்பனைக்கு வந்தன. விரல் துண்டிக்கப்படுவதினின்று இது காக்கும். ஆயினும், பலகை மட்டுமே வாளைத் தீண்டும் பின்னுதைப்பை இது அறியாது. அதனைத் தடுக்க வல்லவை பிரிதகடும் நேரான சட்டமும் அறுப்பவனுடைய அறிவுமேயாம்.

ஆகவே, தொழிற்பட்டறையிற் பயிலும் மாணவர் விதிகளை மனனஞ் செய்வதோடு அமைதல் சாலாது. ஆளியை அழுத்துமுன் ஒவ்வொரு முறையும், “இம்மரம் பின்பற்களைத் தீண்டுதற்கு வழியுண்டா?” என்று தம்மைத் தாமே வினவிக்கொள்ளுதல் வேண்டும். வழியுண்டாயின் அதனை அடைத்த பின்னரே அறுக்கத் தொடங்குக.