வாயு விளக்குகளும் அவற்றின் உபயோகமும்

மழைக்காலத்து மின்னலை அறியாதார் இலர். காற்றினூடே மின்சாரம் பாயுங்கால் ஒளி பிறக்கும் என்பதற்கு அதுவே சான்று. அச்செயலைக் கண்ணாடிக் குழாயினுள் அடக்கித் தொடர்ந்து நிகழச் செய்வதே வாயு விளக்காகும். பழைய பல்பில் ஒளி தருவது பழுக்கக் காய்ந்த இழை. இதிலோ வாயுவே ஒளி தருகிறது.

டியூப் லைட்டினுள் சிறிது ஆர்கான் வாயுவும் சில மில்லிகிராம் பாதரசமும் உள்ளன. மின்சாரம் பாய்ந்ததும் பாதரச ஆவி கண்ணுக்குப் புலனாகாத புற ஊதாக் கதிரை வெளியிடும். குழாயின் உட்புறம் பூசிய வெண்பொடி அக்கதிரை ஏற்று வெண்ணொளியாக மாற்றித் தருகிறது. வாயு ஒருமுறை வழிவிட்டபின் மின்னோட்டம் கட்டுக்கடங்காது பெருகும். மதகுப் பலகை போல் அதனை அளவில் நிறுத்துவதே சோக்கின் வேலை. சோக் கெட்டிருக்கையில் குழாயை மட்டும் மாற்றுவது வீண் செலவே.

தெருவில் பொன்னிற ஒளி வீசும் சோடியம் விளக்கு, மின்தடை நீங்கியதும் உடனே எரிவதில்லை. இதனைப் பழுதென்று கருதிப் புகார் செய்வோர் உண்டு. சூடான குழாயில் ஆவியின் அழுத்தம் மிகுந்திருப்பதால், சில நிமிடம் ஆறிய பின்னரே அது மீண்டும் எரியும்.

உழவர்க்கும் இவ்விளக்கு உதவியதுண்டு. பாதரச விளக்கின் புற ஊதாக் கதிர் அந்துப்பூச்சிகளை ஈர்க்கும். நல்ல மழை பெய்ததும் நிலக்கடலைப் பகுதிகளில் சிவப்புக் கம்பளிப் புழுவின் தாய்ப்பூச்சிகள் கூட்டமாக வெளிவரும். அவை முட்டையிடுமுன் விளக்குப் பொறியில் பிடித்து அழித்தால், ஒவ்வொன்றாலும் தோன்றக்கூடிய நூற்றுக்கணக்கான புழுக்கள் குறையும்.

இன்று ஊராட்சிகளில் எல்.இ.டி. விளக்குகள் இடம்பெற்று வருகின்றன. மின்கட்டணம் குறைகிறது, நன்றே. ஆயின் கம்பத்திலிருந்து இறக்கிய பழைய விளக்குகள் எங்கே செல்கின்றன? குப்பைக் குழிக்கோ குளக்கரைக்கோ செல்லலாகாது. சோடியம் விளக்குகளிலும் பெரும்பாலும் பாதரசம் உண்டு. ஒரு குழாயில் உள்ளது சிறிதே. ஊரின் குழாய்களெல்லாம் ஓரிடத்தில் உடைந்தால் அது சிறிதன்று. நீர்நிலையின் சேற்றில் பாதரசம் நுண்ணுயிர்களால் மேலும் கொடிய நஞ்சாகி மீனில் சேரும். ஜப்பானில் மினமாட்டா என்னும் ஊரில் ஆலைக் கழிவின் பாதரசம் மீன் வழியே மக்களுக்கு விளைத்த நோய் 1956-இல் வெளிப்பட்டது. அவ்வூரின் பெயர் தாங்கிய உடன்படிக்கையின் நாடுகள் 2023-இல் ஜெனீவாவில் கூடி, பொது வெளிச்சத்துக்கான டியூப் லைட்டுகளின் உற்பத்தியை 2027-க்குள் நிறுத்த இசைந்தன.

ஆதலின் பழைய குழாய்களை உடையாமல் அட்டைப் பெட்டியில் அடுக்கிப் பூட்டிய அறையில் வைத்தல் வேண்டும். 2023 ஏப்ரல் முதல் நடப்பிலுள்ள மின்னணுக் கழிவு விதிகளில் இவையும் அடங்குவதால், பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடமே ஒப்படைக்க வேண்டும். பழைய இரும்புக் கடைக்கு அளித்தல் தகாது.

பள்ளியிலோ வீட்டிலோ குழாய் உடைந்துவிட்டால், குழந்தைகளை வெளியேற்றிச் சன்னல்களைக் கால்மணி நேரம் திறந்து வைக்கவும். துடைப்பத்தால் பெருக்கினால் நஞ்சு பரவும். துண்டுகளைத் தடித்த அட்டையால் வாரி, எஞ்சிய பொடியை ஈரத் துணியால் ஒற்றியெடுத்து, துணியுடன் மூடியுள்ள டப்பாவில் இட்டு வைக்கவும்.