பழைய சாஃப்ட்வேர் புதுக் கணினியில் ஏன் விழுகிறது?

கள்ளக்குறிச்சி டிடிபி கடைக்காரர் புதுக் கணினி வாங்கும்போது தவறாமல் ஒன்று கேட்பார்: "நம்ம பழைய சாஃப்ட்வேர் இதுல ஓடுமாண்ணே?" வெள்ளிமலையிலிருந்து பஸ் ஏறி வந்தவருக்கு மனு அடித்துக் கொடுத்தாக வேண்டுமே. நியாயமான கவலைதான். 2021இல் வந்த விண்டோஸ் 11க்கு 32 பிட் பதிப்பே கிடையாது. 32 பிட் நிரல்கள் அதில் இன்னும் ஓடுகின்றன. அதற்கும் முந்தைய 16 பிட் நிரல்களுக்கு அங்கே இடமில்லை.

32 பிட் நிரலையே 64 பிட்டுக்கு மாற்றி எழுதும்போது இடிப்பது பாயின்டர். ஒரு தரவு நினைவகத்தில் எங்கே இருக்கிறது என்று சொல்லும் முகவரி அது. 32 பிட்டில் 4 பைட்; 429 கோடிச் சொச்சம் முகவரிகள், அதாவது 4 ஜிபி, அதோடு சரி. 64 பிட்டில் 8 பைட். அந்தக் காலத்து சி நிரலாளர்களில் பலர் பாயின்டரை 'இன்ட்' என்ற முழு எண் மாறியில் போட்டு வைத்தார்கள். அன்று இரண்டும் ஒரே அளவு. இன்ட் இன்றும் 4 பைட்தான். முகவரியின் மேல்பாதி வெட்டுப்பட்டுவிடும்.

கள்ளக்குறிச்சி லேண்ட்லைன் எண்ணை 04151 என்ற எஸ்டிடி குறியீடு இல்லாமல் குறித்து வைத்ததுபோலத்தான். ஊருக்குள் பேசும்வரை குறை தெரியாது. விழுப்புரத்திலிருந்து கூப்பிட்டால் வேறு யாரோ எடுப்பார்கள். 4 ஜிபிக்குக் கீழே முகவரி கிடைக்கும்வரை மேல்பாதி வெறும் பூஜ்யம், வெட்டினாலும் நஷ்டமில்லை. அதைத் தாண்டிய அன்று நிரல் விழும். இந்தப் பிழையைப் பிடிக்க, நினைவகத்தை மேலிருந்து கீழாக ஒதுக்கும்படி விண்டோஸை மாற்றிவைத்துச் சோதிப்பார்கள். நல்ல தந்திரம்!

'லாங்' என்ற முழு எண் வகை இன்னொரு பொறி. 64 பிட் லினக்ஸில் அது 8 பைட், விண்டோஸில் 4 பைட். அங்கே பிழைத்த நிரல் இங்கே சாகும்.

தமிழ்த் தட்டச்சுக் கருவிகளுக்குத் தனித் தொல்லை. விசை அழுத்துவதை இடைமறிக்க, மற்ற நிரலுக்குள் டிஎல்எல் என்ற துணை நிரல் கோப்பைச் செருகும் கருவிகள் உண்டு. 64 பிட் வேர்டுக்குள் 32 பிட் டிஎல்எல் நுழையவே முடியாது. ஆகவே ஒரே மூல நிரலை இரண்டு முறை தொகுத்து, இரண்டு டிஎல்எல்லையும் சேர்த்தே கொடுக்க வேண்டும். மூல நிரலைத் தொலைத்துவிட்ட கருவி என்றால் 32 பிட் ஆபீஸை நிறுவி, அதற்குள்ளேயே காலம் தள்ள வேண்டியதுதான்.