பெயரைச் சொல்லிவிட்டுக் கையை நீட்டுங்கள்

கனடாவுக்கு வந்த புதிதில் ஒருநாள், இரவு வேலை முடிந்த கையோடு இரத்தப் பரிசோதனைக்குப் போனேன். ஆங்கிலம் அவ்வளவாக விளங்காத காலம். கூப்பிட்ட பெயர் என்னுடையதுபோல இருந்தது. எழுந்து போனேன். "நீங்கள் இன்னார்தானே?" என்று கேட்டதற்கும் "யெஸ்" என்று தலையாட்டினேன். கையில் பட்டியும் கட்டியாயிற்று. அப்போதுதான் இன்னொரு தமிழ் ஐயா வாசலில் வந்து, "தம்பி, என்னையல்லோ கூப்பிட்டவை?" என்றார். அவருடைய அப்பாவுக்கும் என் அப்பாவுக்கும் ஒரே பெயர்!

எம்மவருக்கு இது எளிதில் நடக்கும். ஊரில் முதலெழுத்தாக இருந்த அப்பாவின் பெயர் இங்கே குடும்பப் பெயராகிவிட்டது. கூப்பிடுவதும் அதைச் சொல்லித்தான். அந்த ஐயா சீனி வருத்தக்காரர். என் இரத்தத்தைப் பார்த்து அவருக்கு மருந்து எழுதியிருந்தால் என்ன நடந்திருக்கும்? இரத்தம் ஏற்றுவதற்காக வகை பார்க்கும்போது இப்படி மாறினால் உயிருக்கே ஆபத்து. ஓ வகைக்காரருக்கு ஏ வகை இரத்தம் ஏற்றினால், ஏற்றிய சிவப்பணுக்களை அவருடைய உடம்பே உடைத்துவிடும்.

இரத்தம் எடுக்கப் படிப்பவர்களுக்கு முக்கியமான பாடமே இதுதான்: பெயரையும் பிறந்த திகதியையும் நோயாளியின் வாயாலேயே சொல்லவைக்க வேண்டும். குழாயில் பெயர்ச்சீட்டை அவர் முன்னாலேயே ஒட்ட வேண்டும்.

"மூன்று நாலு குழாய் எடுக்கிறார்களே, உடம்பு என்னத்துக்காகும்?" என்று எங்கள் அம்மாமார் பயப்படுவதுண்டு. வளர்ந்தவர் உடம்பில் ஏறக்குறைய 5 லீற்றர் இரத்தம் ஓடுகிறது. ஒரு குழாய்க்குள் போவது பெரும்பாலும் ஒரு தேக்கரண்டிக்கு மேற்படாது. குழாய்கள் பல, ஏனென்றால் உள்ளே இருக்கும் மருந்துகள் வேறு வேறு. மூடியின் நிறம் அதைக் காட்டும். ஊதா மூடிக் குழாயில் இரத்தம் உறையாது. அதில் இரத்த அணுக்களை எண்ணுவார்கள். சாம்பல் மூடிக் குழாயில் உள்ள மருந்து, இரத்தத்திலுள்ள சீனி குறைந்துபோகாமல் காக்கும்.

வெறும் வயிற்றுடன் வரச் சொன்னால் தேநீரும் கூடாது, பச்சைத்தண்ணீர் குடிக்கலாம். ஊசியைக் கண்டால் தலைசுற்றுபவர்களும், இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களும் முன்கூட்டியே சொல்லுங்கள். எடுத்து முடிந்ததும் கையை மடக்காமல், பஞ்சைச் சில நிமிடம் அழுத்திப் பிடியுங்கள்.

வீட்டிலுள்ள பெரியவர்களுக்கு ஆங்கிலம் வராவிட்டாலும் பரவாயில்லை. தங்கள் முழுப் பெயரையும் பிறந்த திகதியையும் சொல்ல மட்டும் பழக்கிவிடுங்கள். விளங்காத கேள்விக்குத் தலையாட்ட வேண்டாம். அன்று அந்த ஐயா ஐந்து நிமிடம் பிந்தி எழும்பியிருந்தால், என் இரத்தம் அவர் பெயரில் போயிருக்கும்.