கூடைக்கு அடியில் முழங்கை

திருவனந்தபுரத்தில் பட்டம் பகுதியில் இருக்கிறது கேரள மின்சார வாரியத்தின் தலைமை அலுவலகம். மாநிலம் முழுவதற்கும் விளக்கேற்றும் இந்த வாரியத்துக்கு இன்னொரு பெருமையும் உண்டு. நாட்டின் பலமான பெண்கள் கூடைப்பந்து அணிகளில் ஒன்று இதனுடையது. 2018 ஜனவரியில் சென்னையில் நடந்த தேசியப் போட்டியில் கேரளப் பெண்கள் பலம் பொருந்திய ரயில்வேயைத் தோற்கடித்துப் பட்டம் வென்றார்கள். அந்த அணியின் தூண், வாரிய ஊழியரான பி.எஸ். ஜீனா.

அமெரிக்காவில் தொழில்முறைக் கூடைப்பந்து என்றால் கோடிக்கணக்கான டாலர். இங்கே அதற்கு அர்த்தம் உத்தியோகம். ரயில்வே, போலீஸ், வங்கி, மின்வாரியம் ஆகியவைதான் சம்பளம் தருகின்றன. கல்லூரியில் ஆடும் ஒரு பெண்ணுக்குத் தேசியப் பதக்கம் என்பது விளையாட்டு ஒதுக்கீட்டில் நியமன உத்தரவு வாங்கித் தரும் சீட்டு. உத்தரவு கைக்கு வருவதற்குள் முழங்கால் போய்விட்டால் வேலையும் போன மாதிரிதான்.

உடலோடு உடல் மோதாத ஆட்டம் என்றுதான் பள்ளிக்கூடத்தில் சொல்லித் தருகிறார்கள். கூடைக்கு அடியில் ஐந்து நிமிடம் நின்று பார்த்தவர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். பந்து வளையத்தில் பட்டுத் திரும்பும் அந்த ஒரு விநாடியில் இடுப்பால் ஓர் இடி, விலாவில் ஒரு முழங்கை, எம்பவிடாமல் காலின்மேல் ஒரு மிதி, பனியனைப் பிடித்து ஓர் இழுப்பு. நடுவரின் கண் பந்தின் மேல் இருக்கும்போதே எல்லாம் முடிந்துவிடும்.

சட்டம் தெளிவாகவே இருக்கிறது. ஒவ்வொரு ஆட்டக்காரரைச் சுற்றியும் கண்ணுக்குத் தெரியாத ஓர் உருளை இருப்பதாகச் சர்வதேச விதி சொல்கிறது. அதற்குள் இன்னொருவர் நுழைந்து மோதினால் ஃபவுல். ஐந்து ஃபவுல் ஆனால் வெளியே போகவேண்டும். பந்தைப் பறிக்கும் எண்ணமே இல்லாமல் ஆளை அடித்தால் எதிரணிக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ, கூடவே பந்தும். இப்படி இரண்டு முறை செய்தால் ஆட்டத்திலிருந்தே வெளியேற்றம்.

ஆனால் ஐந்து ஃபவுல் என்பதைப் பயிற்சியாளர்கள் தண்டனையாகப் பார்ப்பதில்லை. செலவழிக்கக் கையில் இருக்கும் காசாகப் பார்க்கிறார்கள். எதிரணியின் சிறந்த ஆட்டக்காரரை நிலைகுலைய வைக்க, சுமாராக ஆடும் ஒருவரின் இரண்டு ஃபவுலைச் செலவழிப்பது லாபமான வியாபாரம்.

இந்தக் கணக்கை ஒரு கலையாகவே வளர்த்தது அமெரிக்காவின் டெட்ராய்ட் பிஸ்டன்ஸ் அணி. மைக்கேல் ஜோர்டன் கூடையை நோக்கிப் பாயும்போதெல்லாம் அவரைத் தரையில் சாய்ப்பது என்று திட்டமே வைத்திருந்தார்கள். 1988, 89, 90 என்று மூன்று ஆண்டுகள் ஜோர்டனின் சிகாகோ அணி அவர்களிடம் தோற்றது. அவற்றில் இரண்டு ஆண்டுகள் கோப்பையும் பிஸ்டன்ஸுக்கே. ஜோர்டன் உடற்பயிற்சி செய்து உடம்பைத் தேற்றிக்கொண்டு வந்தார். 1991இல் 4-0 என்று சிகாகோ வென்றபோது, கடைசி ஆட்டம் முடியச் சில விநாடிகள் இருக்கையிலேயே பிஸ்டன்ஸ் ஆட்டக்காரர்கள் பலர் கைகொடுக்காமல் வெளியேறினார்கள்.

யாருக்காவது பலமாக அடிபட்ட பிறகுதான் அமெரிக்க லீக் விழித்துக்கொள்கிறது. 1977 டிசம்பரில் கெர்மிட் வாஷிங்டன் விட்ட ஒரு குத்தில் ரூடி டோம்யானோவிச்சின் முகத்து எலும்புகள் நொறுங்கின. குத்தியவருக்கு 60 நாள் தடை. அடுத்த சீசனில் மூன்றாவது நடுவரை வைத்துப் பார்த்தார்கள். ஒரே ஆண்டில் கைவிட்டு, 1988இல்தான் நிரந்தரமாக்கினார்கள். 2004இல் டெட்ராய்ட் மைதானத்தில் ஆட்டக்காரர்கள் ரசிகர்கள் மீதே பாய்ந்தபோது ரான் ஆர்ட்டெஸ்ட் 86 ஆட்டங்களை இழந்தார். 2017 மே மாதம் பந்தை எறிந்துவிட்டுத் தரையிறங்கிய கவாய் லெனார்டின் காலடியில் ஸாஸா பச்சூலியாவின் பாதம் இருந்தது. 20 புள்ளிகளுக்கு மேல் முன்னிலையில் இருந்த லெனார்டின் அணி அந்த ஆட்டத்தில் தோற்றது. மீதித் தொடரில் அவர் ஆடவே இல்லை. பச்சூலியா வேண்டுமென்றே செய்தாரா என்பது இன்றும் சண்டை. லீக் அந்தக் கேள்வியை ஒதுக்கிவிட்டது. தரையிறங்கும் இடத்தில் முரட்டுத்தனமாகக் கால் வைத்தால், நோக்கம் எதுவானாலும் தண்டனை கடுமையாகும் என்று அடுத்த சீசனிலிருந்து விதியைத் திருத்தியது.

நோக்கத்தை நிரூபிக்க முடியாது, ஆபத்தைப் பார்க்க முடியும் என்ற இந்த நியாயம் இந்திய மைதானங்களுக்கு இன்னும் அதிகமாகப் பொருந்தும். என்.பி.ஏ.யில் ஒவ்வொரு மோதலையும் பல கேமராக்கள் பிடித்துவைக்கின்றன. இங்கே பெரும்பாலான உள்நாட்டுப் போட்டிகளில் நடுவருக்கு அவர் கண்ணும் விசிலும்தான் துணை. பள்ளி, கல்லூரி மைதானங்கள் பலவற்றில் தரை சிமென்ட்.

பெண்களுக்குக் கவலை கூடுதல். முழங்காலின் முன்புறக் குறுக்குத் தசைநார் கிழியும் ஆபத்து ஆண்களைவிட அவர்களுக்குப் பல மடங்கு அதிகம் என்று மருத்துவ ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. இந்தக் காயங்களில் பெரும்பகுதி யாரும் நேராக முழங்காலில் இடிக்காமலே, தவறாகத் தரையிறங்குவதால் வருபவை. ஆகாயத்தில் இருக்கும்போது தோளில் விழும் ஒரு சின்னத் தள்ளல் போதும், தரையிறக்கம் தவறாகிவிடும். ஸ்கோர் ஷீட்டில் அது சாதாரண ஃபவுல். அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர் மைதானத்துக்குத் திரும்ப ஒன்பது மாதமாவது ஆகும். அதற்குள் ஒரு தேசியப் போட்டி கடந்துவிடும். அவர் இடத்தில் இன்னொரு பெண் ஆடிக்கொண்டிருப்பார்.

கோட்டயத்திலிருந்து வந்து சென்னையில் தெற்கு ரயில்வேக்கு ஆடிய 6 அடி 2 அங்குல கீது அன்னா ஜோஸ், ஆஸ்திரேலிய கிளப்பில் ஆடி, 2011இல் அமெரிக்கப் பெண்கள் லீக்கின் மூன்று அணிகளுடைய தேர்வுவரை போனார். உயரமானவர்களுக்குத்தான் கூடைக்கு அடியில் அடி அதிகம். அப்படி ஒரு பெண் அங்கே இடி வாங்கும்போது விசில் ஊதுவதா வேண்டாமா என்று நடுவர் முடிவுசெய்ய ஒரு விநாடிகூடக் கிடைப்பதில்லை.